வாலண்டைன் என்பது என் அப்பாவின் பெயர்

"சிப்பாய்களுக்கு ரகசியமாகக் கல்யாணம் செய்துவைத்ததால் கொல்லப்பட்ட பாதிரியாரின் நினைவாகத்தான் காதலர் தினம் வந்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வருஷா வருஷம் எனக்கும் அது வருகிறது. அந்தக் கதைக்கு ஆதாரம் கிடையாது. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

அப்பா பிறந்தது 1951 பிப்ரவரி 14. தாத்தா எங்கள் கடற்கரை ஊரில் உபதேசியார், கோவிலில் ஞானபாடம் சொல்லிக்கொடுப்பவர். பிள்ளை பிறந்த நாளில் எந்தப் புனிதருக்குத் திருநாளோ அந்தப் பெயரையே ஞானஸ்நானத்தில் வைத்துவிடுவார். அப்படி வந்ததுதான் வாலண்டைன். அப்பாவுக்குப் பிறந்தநாளும் நாம விழாவும் ஒரே நாள். காலையில் பூசை, வந்து ஆப்பம், அவ்வளவுதான் கொண்டாட்டம்.

தொண்ணூறுகளில் வாழ்த்து அட்டைக் கடைகள் பெருகின. அப்பாவின் அலுவலகத்தில் அந்த நாளில் அவர் மேஜையில் ரோஜாப்பூ வைத்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அவர் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு பிப்ரவரி 14-க்கும் லீவு போட்டுவிடுவார்.

கல்லூரியில் படித்தபோது அந்தச் சிப்பாய்க் கதையை எங்கேயோ படித்துவிட்டு, அப்பாவுக்குப் பெருமையாக இருக்கும் என்று ஓடிவந்து சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அது அர்ச்சிஷ்டவர் சரித்திரத்துல இல்ல மக்களே" என்றார். அர்ச்சிஷ்டவர் என்றால் புனிதர்.

அவர் சொன்னது சரி. மறைசாட்சிகளை, அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்களைப் பற்றிய பழைய வரலாற்றில் வருவது வேறு: வாலண்டைன் என்ற பாதிரியார் ஒருவர், தன்னைக் காவலில் வைத்திருந்த அஸ்தேரியுஸ் என்பவரின் மகளுக்குப் பார்வை வரவழைத்தார், அந்தக் குடும்பமே ஞானஸ்நானம் பெற்றது, பிறகு அவரைத் தலைவெட்டிக் கொன்றார்கள். அந்தப் பெண்ணுக்கு அவர் எழுதியதாகச் சொல்லும் கடிதம் பிற்காலத்தில் ஒட்டவைத்தது. வாட்ஸ்அப் கதையில் வரும் உரோமைப் பேரரசர் இரண்டாம் கிளாடியுஸ் 268 முதல் 270 வரைதான் ஆண்டார். சிப்பாய்கள் கல்யாணம் செய்யக்கூடாது என்று அவர் சட்டம் போட்டதற்குச் சான்று இல்லை. இதற்கு மேல், இத்தாலியின் தெர்னி நகரத்து ஆயர் (பிஷப்) ஒருவருக்கும் இதே பெயர், இதே நாள். இருவரையும் அடக்கம் செய்ததாகச் சொல்வதும் ரோமிலிருந்து வடக்கே போகும் அதே ஃபிளமீனியச் சாலையில். இருவரும் ஒருவரே என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு. உரோமையர்கள் பிப்ரவரி நடுவில் கொண்டாடிய லூப்பர்காலியா திருவிழாவை ஒழிக்கத்தான் இந்த நாளை வைத்தார்கள் என்பதும் பிற்கால ஊகம்தான்.

1969-ல் திருச்சபை நாட்காட்டியைத் திருத்தியபோது, பெயரையும் பிப்ரவரி 14-ல் ஃபிளமீனியச் சாலையில் அடக்கம் செய்யப்பட்டதையும் தவிர இவரைப் பற்றி எதுவும் தெரியவில்லை என்று காரணம் காட்டிப் பொது நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அப்பாவுக்கு அப்போது பதினெட்டு வயது. "உன் புனிதரையே தூக்கிட்டாங்கடா" என்று யாரோ சொன்னதை அறுபது வயதிலும் சொல்லி வருத்தப்படுவார். மறைசாட்சிகள் பட்டியலில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது என்பதை நான்தான் பிறகு காட்டினேன்.

அப்படியானால் காதல் எங்கிருந்து வந்தது? பறவைகளிடமிருந்து. 1380-களை ஒட்டி இங்கிலாந்தில் சாசர் என்ற கவிஞர் எழுதிய 'பறவைகளின் நாடாளுமன்றம்' என்ற கவிதையில், வாலண்டைன் நாளன்று பறவைகள் எல்லாம் துணை தேட இயற்கை அன்னையின் முன்னால் கூடுகின்றன. ஒரு பெண் கழுகுக்கு மூன்று ஆண் கழுகுகள் போட்டி. அது யாருக்கும் தலையாட்டவில்லை. யோசிக்க ஒரு வருஷம் வேண்டும் என்று கேட்கிறது, கிடைக்கிறது. இந்த நாளையும் காதலையும் சேர்த்து எழுதியதில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் இது ஒன்று. அந்தப் புனிதர் இறந்து ஆயிரத்து நூறு வருஷம் கழித்து!

இன்னொன்று என் மனதுக்கு நெருக்கமானது. ஆங்கிலத்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய வாலண்டைன் கடிதம் 1477 பிப்ரவரியில் மார்ஜரி புரூஸ் என்ற பெண், தான் கட்டிக்கொள்ளப்போகும் ஜான் பாஸ்டனுக்கு எழுதியது. பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா? சீதனத்தைப் பற்றி. அப்பாவிடம் அம்மா எவ்வளவோ பேசிப் பார்த்துவிட்டாள், இதற்கு மேல் பெயராது, என்மேல் அன்பு இருந்தால் இதற்காக என்னை விட்டுவிட மாட்டாய் என்கிறாள். இருவருக்கும் கல்யாணம் நடந்தது. நான் காதலித்துக் கட்டிக்கொண்டவள். என் கல்யாணத்தின்போதும் இதே பேச்சு வந்தது. அதனால், காதலர் தினத்துக்கு எதிராக எழுதுகிறேன் என்றோ மதப் பிரச்சாரம் என்றோ யாரும் கீழே வந்து எழுத வேண்டாம். கொண்டாடுகிறவர்கள் கொண்டாடட்டும். அந்த மனிதர் செய்யாததை அவர் தலையில் கட்ட வேண்டாம், அவ்வளவுதான் கேட்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்த பிறகு அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் ஏழு மாதம் நின்றுபோனது. பணிப் பதிவேட்டில் 'வாலண்டைன்', வங்கிப் புத்தகத்தில் 'வேலன்டின்', ஆதாரில் 'வலன்டைன்'. மூவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி, அதிலும் ஒரு எழுத்து தப்பு என்று திருப்பி அனுப்பினார்கள். எழுபது வயது அம்மாவை நான்கு முறை மாடி ஏற வைத்தார்கள். கோபம் இன்னும் ஆறவில்லை.

இப்போது பிப்ரவரி 14 புனிதர்கள் சிரில், மெத்தோடியஸ் இருவரின் நினைவு நாள். இந்த வருஷம் அன்றைக்குக் காலைப் பூசையை அப்பாவுக்காக ஒப்புக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். யார் யாருக்காகப் பூசை என்ற கருத்துகளை வாசிக்கும்போது சாமியார் அப்பாவின் பெயரைச் சொல்வார். பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.