மரவள்ளியிலிருந்து காரியும் லாஃபுனும்: வீட்டுச் செய்முறைக் கேள்வி பதில்

நைஜீரியாவின் இபாடான் நகரில் உணவுப் பதப்படுத்தும் துறையில் வேலை செய்யும் நண்பர், வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: காரி, லாஃபுன், கொகோந்தே என்று பல பெயர்கள் சொல்கிறார்கள். எல்லாம் மரவள்ளி மாவுதானே? கடையில் விற்கும் மரவள்ளி ஸ்டார்ச் வாங்கினால் போதாதா?

கிழங்கு ஒன்றுதான், வேலை வேறு. துருவி, புளிக்கவைத்து, பிழிந்து, வறுத்தால் காரி. சரியாகச் சொன்னால் அது மாவே இல்லை, ரவை மாதிரி இருக்கும். கிழங்கை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து அரைத்தால் யொரூபா மக்களின் லாஃபுன். ஊறப்போடாமல் சீவிக் காயவைத்து இடித்தால் கானாவின் கொகோந்தே. ஸ்டார்ச் என்பது கிழங்கின் மாச்சத்து மட்டும். சேலத்து ஜவ்வரிசி அதிலிருந்து வருகிறது. அதைக் கொதிநீரில் கிளறினால் பசைதான் கிடைக்கும்.

கேள்வி: வீட்டில் காரி செய்ய முழு முறையையும் சொல்லுங்கள்.

10 கிலோ கிழங்குக்கு 2 முதல் 2.5 கிலோ காரி தேறும். குறைவாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், தோலும் தண்ணீரும் போய்விடும். பறித்து இரண்டு நாளுக்குள் உள்ள கிழங்கு வேண்டும். வெட்டிப் பார்த்து உள்ளே நீலமோ கறுப்போ கோடு ஓடியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

மேல்தோலோடு அதன் கீழே இருக்கும் தடித்த வெள்ளைத் தோலையும் உரித்துக் கழுவுங்கள். பிறகு நைசாகத் துருவுங்கள். கட்டி எதுவும் தங்கக் கூடாது. துருவியதைத் துணிப்பையிலோ சுத்தமான சாக்கிலோ கட்டி, மேலே பாரம் ஏற்றி, சாறு வடிய வழி விட்டு வையுங்கள். இங்கே கிராமங்களில் பெரிய கல்லை வைப்பார்கள், வண்டி ஜாக்கியைப் பொருத்திப் பிழிபவர்களும் உண்டு. இரண்டு மூன்று நாள் போதும். நன்றாகப் புளித்த இஜேபு காரி பிடிக்கும் என்றால் இன்னும் ஓரிரு நாள் விடலாம்.

கைப்பிடி அளவு எடுத்து அழுத்திப் பாருங்கள். உருண்டையாக நின்று, தட்டினால் உதிர வேண்டும். உள்ளங்கை நனைந்தால் இன்னும் பிழியுங்கள். அப்புறம் கட்டியை உடைத்துச் சலித்தால் நார் மேலே நின்றுவிடும்.

அடுத்து வறுப்பு. அகலமான கனத்த வாணலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மிதமான தீயில் அழுத்தித் தேய்த்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே பெண்கள் உடைந்த சுரைக்குடுவைத் துண்டால் இதைச் செய்வார்கள். தீ அதிகமானால் மேலே கருகி உள்ளே ஈரம் நிற்கும். மணிகள் தனித்தனியாகப் பிரிந்து சலசலவென்று ஓசை வந்தால் ஆயிற்று. முழுவதும் ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மாதக்கணக்கில் இருக்கும். சூட்டோடு மூடினால் பூசணம் நிச்சயம்.

கேள்வி: மிக்ஸியில் அரைக்கலாமா?

அரைக்கலாம். கொஞ்சம் தண்ணீர் விட்டு, கொரகொரப்பாக நிறுத்துங்கள். பிழிய அதிக நேரம் ஆகும், அவ்வளவுதான்.

கேள்வி: மூன்று நாள் காத்திருக்காமல் அன்றே வறுத்தால் என்ன? தீயில்தான் விஷம் போய்விடுமே?

பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். தீ மட்டும் போதாது. மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. அதை உடைக்கும் நொதியும் அதே கிழங்கில் வேறு இடத்தில் இருக்கிறது. கிழங்கைச் சிதைக்கும்போதுதான் இரண்டும் கலந்து சயனைடு வெளியேறும். அதனால் துருவல்தான் பெரிய வேலை. பிழியும்போது சாறோடு ஒரு பங்கு போகும், வறுக்கும்போது மிச்சம் ஆவியாகும். துருவாத பெரிய துண்டை நேரே வேகவைத்தால் சூட்டில் நொதி செத்துவிடும், லினமரின் உள்ளேயே தங்கும். இனிப்பு ரகத்தில் லினமரின் குறைவு, உரித்து வேகவைத்தே சாப்பிடுகிறோம். கசப்பு ரகத்தில் அந்த வழி ஆபத்து.

புளிப்பு முக்கியமாகச் சுவைக்குத்தான். ஆனாலும் அந்த நாள்களில் நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. ஒரு நாளாவது விடுங்கள். வறுக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்து, ஆவியில் முகத்தை நீட்டாமல் நில்லுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் துருவாமல் செய்யும் லாஃபுன் எப்படிப் பாதுகாப்பு?

நல்ல கேள்வி. அங்கே துருவியின் வேலையை ஊறல் செய்கிறது. மூன்று நான்கு நாளில் கிழங்கு நுண்ணுயிர்களால் மெத்தென்று ஆகி, விரலால் அழுத்தினால் நசுங்கும். அதற்கு முன்பே எடுத்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கும். நசுக்கி, தண்ணீரைப் பிழிந்து, மெல்லியதாகப் பரப்பி வெயிலில் காயவைத்து அரையுங்கள். மழைக்காலத்தில் ஓவனில் குறைந்த சூட்டில் காயவைக்கலாம். கறுப்போ பச்சையோ பூசணம் பிடித்ததைச் சுரண்டிவிட்டு அரைப்பது இங்கே சந்தையிலும் நடக்கிறது. எனக்கு அது பிடிக்காது, தூக்கிப் போட்டுவிடுவேன்.

கேள்வி: மரவள்ளி மாவால் கால் முடங்கும் என்று படித்தேன். பயமாக இருக்கிறது.

அந்த நோய்க்குக் கோன்சோ என்று பெயர். 1938-இல் பெல்ஜியக் காங்கோவில் ட்ரோலி என்ற மருத்துவர் இதைப் பதிவு செய்தார். 1981-இல் மொசாம்பிக்கின் நம்புலா பகுதியில் 1,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. அங்கே வறட்சி. கசப்புக் கிழங்கைத் தவிர வேறு சாப்பாடு இல்லை. பசியில் ஊறவைக்க நேரமில்லாமல் அவசரமாகக் காயவைத்து அரைத்தார்கள். தட்டில் புரதமும் இல்லை. இவையெல்லாம் வாரக்கணக்கில் சேர்ந்தால்தான் அந்த நிலை வரும். முறையாகச் செய்த காரியை மீனோடோ பயறோடோ சாப்பிடுபவர் பயப்பட வேண்டியதில்லை.

மாவில் சந்தேகம் இருந்தால் ஆஸ்திரேலிய அறிவியலாளர் ஹோவர்ட் பிராட்பரி பரப்பிய எளிய வழி ஒன்று உண்டு. மாவைத் தண்ணீரில் பிசைந்து, 1 செ.மீ.-க்குக் குறைவான கனத்தில் பரப்பி, வெயிலில் 2 மணி நேரம் அல்லது நிழலில் 5 மணி நேரம் விட்டு, அன்றே சமைக்க வேண்டும். மாவுக்கான சர்வதேச உணவுத்தர வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம் சயனைடு.

கேள்வி: மஞ்சள் காரி வேறு கிழங்கா?

பெரும்பாலும் சிவப்புப் பனை எண்ணெய் சேர்த்து வறுத்தது. வைட்டமின் ஏ கூடிய மஞ்சள் மரவள்ளி ரகங்களும் 2011 முதல் நைஜீரியாவில் இருக்கின்றன.

கேள்வி: பிழிந்த சாற்றைச் செடிக்கு ஊற்றலாமா?

வேண்டாம். ஆட்டுக்கும் வைக்காதீர்கள். ஆனால் கொஞ்ச நேரம் தெளியவிட்டால் அடியில் வெள்ளை ஸ்டார்ச் தங்கும். மேல்தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு மூன்று முறை அலசிக் காயவைத்தால் உபயோகமாகும். டெல்டா மாநிலத்து உர்ஹோபோ மக்கள் இந்த ஸ்டார்ச்சைப் பனை எண்ணெயோடு கிளறி, பனம்பழக் குழம்போடு சாப்பிடுகிறார்கள்.

கேள்வி: எபா (காரியைக் கொதிநீரில் கிளறிய களி) கிளறினால் கட்டி கட்டியாக வருகிறது.

காரியின் மேல் தண்ணீரை ஊற்றுகிறீர்கள் போல. கொதித்த தண்ணீரைப் பாத்திரத்தில் எடுத்து, அதில் காரியைத் தூவி, மூடி இரண்டு நிமிடம் விட்டு, பிறகு மரக்கரண்டியால் கிளறுங்கள். அடுப்பில் வைக்க வேண்டாம்.

கேள்வி: காரியில் தோசை வருமா?

வராது. வறுக்கும்போதே அதன் மாச்சத்து பாதி வெந்துவிட்டது. தோசை, ரொட்டி என்று முயற்சி செய்ய ஆசை இருந்தால், இனிப்பு ரகக் கிழங்கைத் துருவிப் பிழிந்து, புளிக்கவிடாமல் அன்றே மெல்லியதாகப் பரப்பிக் காயவைத்து அரைத்த மாவை எடுங்கள். அதில் பசைப்புரதம் (குளூட்டன்) இல்லாததால் கோதுமை மாவோடு பத்தில் ஒரு பங்கு கலந்து தொடங்குவது நல்லது.