செபமாலை சண்டையில் முடிகிறது என்று கேட்ட தங்கச்சிமடம் சகோதரிக்கு

இயேசுவுக்கே புகழ். இரவு எட்டரைக்குச் செபமாலை தொடங்கினால் சின்னவள் தூங்கி விழுகிறாள், 14 வயது மகன் பாதியில் எழுந்து போகிறான், விசைப்படகுக்குப் போகும் கணவர் கரையில் இருந்தால் அதட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

மகனுக்கு விசுவாசம் போய்விட்டதென்று பயப்படாதீர்கள். இடிப்பது நேரமும் நீளமும்தான். மாலையின் 53 மணிக்கும் மணிக்கொரு "அருள் நிறைந்த மரியே" சொல்லி, புனிதப் பெயர்களைச் சொல்லி வேண்டும் மன்றாட்டு மாலையும் சேர்ந்தால் அரைமணி ஆகிவிடும். சாப்பாட்டுக்கு முன்னால், ஏழு மணிக்கு, மாலையில் பத்து மணிகள் கொண்ட ஒரே ஒரு பகுதியை மட்டும் சொல்லுங்கள்: விண்ணுலகில் இருக்கிற 1, அருள் நிறைந்த மரியே 10, திரித்துவப் புகழ் 1. ஐந்து நிமிடம். முழுச் செபமாலை சனிக்கிழமைக்கு இருக்கட்டும்.

திங்கள், புதன், சனி அப்பா கடலில் இருப்பார். அன்று "அருள் நிறைந்த மரியே" செபத்தின் முன்பாதியை மகனே சொல்லட்டும், நீங்கள் "புனித மரியே" என்று பதில் சொல்லுங்கள். தடுமாறினால் திருத்தாதீர்கள். மெழுகுவர்த்தி சின்னவள் பொறுப்பு. கொண்டல் காற்றில் அணையாமல் கண்ணாடி கிளாஸுக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியில் ஆளுக்கு ஒரு வரி சொந்தச் செபம். பெரும்பாலும் இங்கேதான் கெட்டுப்போகும். "ஆண்டவரே, இவனுக்குப் புத்தி கொடும்" என்று அவன் காதுபடச் செபித்தால் அது செபமில்லை, திட்டு. அப்பாவின் காலில் வலை அறுத்த புண் ஆறவேண்டும் என்று கேளுங்கள், அவனும் வாய் திறப்பான்.

கணவரிடம் தனியாகப் பேசுங்கள், செபம் சொல்லும் வீட்டுப் பீடத்துக்கு முன்னால் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் அவர் வீட்டில்தான். கையில் காசு இல்லாத அந்த நாள்களில்தான் கோபம் கூடும். அதற்கு முன்பே இந்தப் பழக்கம் ஊன்றிவிட வேண்டும்.