சேவல் படமா, முருகன் படமா?

கேள்வி: சார், டிவில பழைய மலையாளப் படம் போட்டா எங்க தாத்தா பேர் வர்றதுக்கு முன்னாடியே "இது சேவல் படம்டே", "இது முருகன் படம்"னு சொல்லிடுறாரு, அது என்ன கணக்கு? (களியக்காவிளை வாசகர்)

பதில்: தாத்தா கரெக்டாத்தான் சொல்றாரு. படம் தொடங்குறப்போ வர்ற கம்பெனி எம்பளத்துல, பூமி உருண்டை மேல சேவல் நின்னு கூவுனா அது ஆலப்புழை உதயா ஸ்டுடியோ, முருகன் வந்தா திருவனந்தபுரம் மெரிலேண்ட் ஸ்டுடியோவோட நீலா புரொடக்‌ஷன்ஸ்.

மலையாளத்தோட முதல் பேசும் படம் பாலனே 1938ல நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்ல எடுத்ததுதான், ஸ்டுடியோ வேணும்னா மலையாள சினிமாக்காரங்க இந்தப் பக்கம்தான் வரணும், அதுக்கு ஒரு முடிவு கட்டத்தான் தயாரிப்பாளர் குஞ்சாக்கோ 1947ல ஆலப்புழை பாதிரப்பள்ளில உதயாவ ஆரம்பிச்சாரு. பேரு உதயா, அப்புறம் சேவல் கூவாம வேற என்ன கூவும்! 1949ல வெள்ளிநட்சத்திரம் வந்துச்சு, அதுக்கப்புறம் 1961ல உண்ணியார்ச்சா, அந்த மாதிரி வடக்கன் பாட்டு (வடகேரள வீரர்களப் பத்தின நாட்டுப்புறப் பாட்டு) கதைங்கதான் உதயாவுக்கு பெரிய பேர் வாங்கிக் குடுத்துச்சு.

இப்ப முருகன் கதைக்கு வருவோம், நமக்கு சொந்தமான மேட்டர் இதுதான். மெரிலேண்ட் ஓனர் பி. சுப்ரமணியம் நாகர்கோவில்ல பொறந்தவரு, இங்க பாதிப் பேருக்கு இது தெரியாது. 1951ல அவர் நேமத்துல ஸ்டுடியோ தொறந்தப்போ நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம், குமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்தது 1956 நவம்பர்லதானே. நீங்க திருவனந்தபுரம் பஸ் ஏறினா பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் தாண்டி வர்ற அதே நேமம்தான். பேரே சுப்ரமணியம்ங்கறதால எம்பளத்துல யாரு வருவாங்கன்னு தனியா சொல்லவா வேணும், முருகன் மேல அவருக்கு இருந்த பக்திக்கு குமாரசம்பவம்னே படம் எடுத்தாரு, கேரள அரசு சினிமா விருது ஆரம்பிச்சப்போ சிறந்த படம்னு முதல் விருது, 1969க்கு, வாங்குனது அதுதான்.

ரெண்டு கம்பெனிக்கும் பயங்கர போட்டி. இதுல எனக்குப் புடிச்ச கூத்து என்னன்னா, முருகன் கொடியில இருக்குற சேவல் எதிராளி கம்பெனில போய் நின்னு கூவுச்சு பாருங்க!

குஞ்சாக்கோ 1976ல இறந்துட்டாரு, பிறகு உதயாவும் அடங்கிப்போச்சு. அவர் பேரன் நடிகர் குஞ்சாக்கோ போபன் 2016ல கொச்சவ்வ பௌலோ அய்யப்ப கொய்லோ எடுத்து உதயா பேர திரும்பக் கொண்டாந்தாரு, சுப்ரமணியம் குடும்பத்துல இருந்தும் 2022ல மெரிலேண்ட் பேர்லயே ஹிருதயம் வந்துச்சு. தாத்தாகிட்ட ரெண்டையும் போட்டுக் காட்டுங்க.