களத்துமேட்டுக் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி மேட்டூர், பாதி நெல் ஈரம். நடுவில் ஒருவர் மாப்பிள்ளை சம்பா என்ற பாரம்பரிய நெல்லைப் போட்டுப் பணக்காரர் ஆவது எப்படி என்று கேட்டிருக்கிறார். அவருக்கும் பதில் உண்டு. புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நான் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்கால் முடிகிற கடைமடையில் ஒன்பது மா வைத்திருக்கிறேன். மூன்று ஏக்கர். அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. அதனால் சேறும் தெரியும், நிலம் யார் பேரில் என்று சொல்லும் சிட்டாவும் தெரியும்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்ததும் டிவியில் பூத் தூவிக் காட்டுகிறார்கள். ஆகஸ்டில் பார்த்தால் அதே விவசாயிகள் சாலை மறியல் செய்கிறார்கள். ஏன் அம்மா?
– ஆர். கே., சென்னை

பூ தூவுவது மேட்டூரில், வயல் இருப்பது இங்கே. தண்ணீர் கல்லணை வந்து சேரவே மூன்று நான்கு நாள். அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, பிறகு கிளை வாய்க்காலும் கன்னி வாய்க்காலும் தாண்டி என் மடைக்கு வரும்போது ஜூலை பிறந்திருக்கும். அதுவும் முறைப் பாசனம் (சில நாள் விட்டுச் சில நாள் நிறுத்துவது) வைக்காத வருஷமாக இருந்தால்.

2023-ஐச் சொல்கிறேன். ஜூன் 12-ல் சரியாகத் திறந்தார்கள். கர்நாடகத்திலிருந்து வரவேண்டியது வரவில்லை. 120 அடி அணையில் 30 அடி வாக்கில் தண்ணீர் நின்றபோது, அக்டோபர் 10-ல் மூடிவிட்டார்கள். நான் அந்த வருஷம் குறுவை (ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல்) போடவில்லை, பயந்த சுபாவம். அடுத்து வரும் நீண்ட கால நெல்லான சம்பாவுக்குப் புழுதியில் நேரடி விதைப்பு செய்திருந்தேன். முளைத்து விரல் உயரம் வந்த பயிர், வெடித்த களிமண்ணில் நூல் நூலாக நின்றது. அப்புறம் ஐப்பசி மழைதான் காப்பாற்றியது. அடுத்த வருஷம் அணையைத் திறந்ததே ஜூலை 28-ல். அதற்கு மேல் எங்கே குறுவை?

2018-ல் உச்ச நீதிமன்றம் நமக்குக் காவிரியில் வருஷத்துக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) என்று தீர்ப்புச் சொன்னது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24 என்று மாதக்கணக்குகூட இருக்கிறது. வருஷம் முடிந்து கூட்டிப் பார்த்தால் சில வருஷம் கணக்குக்கு மேலேயே வந்திருக்கும். ஆனால் நாற்று கேட்கிற ஜூலையில் வராமல், மொத்தமாக ஒரு வெள்ளத்தில் வந்து கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போயிருக்கும். வருஷக் கணக்கு அரசாங்கத்துக்குச் சரி. பயிர் நாள் கணக்கில்தான் வளர்கிறது.

மேல்பகுதிக்காரர்கள் பில்டர் பாயிண்ட் என்கிற குழாய்க் கிணறு போட்டு, இலவச மின்சாரத்தில் மே மாதமே நாற்று விட்டுவிடுகிறார்கள். எங்கள் பக்கம் குழாய் இறக்கினால் உப்புத் தண்ணீர். அதனால் 'டெல்டா விவசாயி' என்று டிவிக்காரர் ஒருவரைக் காட்டினால், அவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று என் நெல்லை ஐந்து நாள் போட்டு வைத்துவிட்டார்கள். இந்த 17 சதவீதம் எந்த ஊர்க் கணக்கு?
– மா. செ., வலங்கைமான்

தம்பி, உங்கள் கடிதத்தில் மழைத்தண்ணீர் பட்ட கறை இருந்தது. வேறு தண்ணீராகவும் இருக்கலாம்.

நிலையம் வாங்குகிற நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அது நெல்லைக் கிடங்கில் வைத்தால் பூஞ்சை பிடிக்காமல், அரைத்தால் குருணையாக உடையாமல் இருப்பதற்கான அளவு. கணக்கில் தப்பில்லை. நாடு முழுக்க ஒரே அளவு என்பதுதான் நமக்குச் சிக்கல். பஞ்சாபில் அக்டோபரில் வெயில் அடிக்கும். நமக்கு அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை. குறுவை 110 நாள் பயிர். ஜூன் கடைசியில் விதைத்தால் அறுவடை நேராக அந்த மழையில் போய் விழும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்து, ஆய்வு செய்து, சில வருஷங்களில் அளவைத் தளர்த்தியிருக்கிறார்கள். அந்த உத்தரவு வருவதற்குள் நெல் களத்திலேயே முளைத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முன்பெல்லாம் கையால் அறுத்து, அரியை வயலிலேயே ஒரு நாள் போட்டு, கட்டுக் கட்டி, களத்தில் அடித்துத் தூற்றுவோம். நெல் மூட்டைக்குள் போகும்போதே பாதி ஈரம் போயிருக்கும். இப்போது காலையில் அறுவடை வண்டி இறங்கி, மத்தியானம் நெல் ரோட்டில் கிடக்கிறது. பயிரில் இருந்த ஈரம் அப்படியே வருகிறது, 20, 22 என்று. காயவைக்கக் களம் எங்கே? எங்கள் ஊர்க் களம் கால்பந்துத் திடல் அளவு இருந்தது. இப்போது அதில் பாதியில் ஒரு கட்டடம் நிற்கிறது. அதனால்தான் தார் ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல்.

ஒரு வருஷம் நானும் இரண்டு ராத்திரி நிலையத்து வாசலில் படுத்திருக்கிறேன். தார்ப்பாய் ஒன்று, நெல் குவியல் இரண்டு. எதை மூடுவது? ஒன்றை மூடினேன். மூடாத குவியலில் மூன்றாம் நாள் வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. வரிசையில் எனக்குப் பின்னால் வந்த வியாபாரி நெல் முன்னால் ஏறியதையும் பார்த்தேன். மூட்டைக்கு இத்தனை என்று தனிக் கணக்கு ஒன்று ஓடியது. எந்த நிலையம் என்று எழுதமாட்டேன். படிக்கிற ஒவ்வொருவரும் தங்கள் ஊர் நிலையம் என்றுதான் நினைப்பீர்கள்.

2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து சாதாரண ரகம் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545. விலை மோசமில்லை. ஆனால் அது நிலையத்தில் எடை போட்ட நெல்லுக்குத்தான். பொறுமை தீர்ந்து வெளியில் கொடுத்தால் வியாபாரி வைத்ததுதான் விலை. உங்களுக்கு என்னாலான யோசனை: அறுக்கும் முன்பே நாலு மணியைக் கடித்துப் பாருங்கள். நறுக்கென்று உடையாவிட்டால், வானம் தெளிவாக இருக்கிற பட்சத்தில், வண்டிக்காரரிடம் இரண்டு நாள் தவணை கேளுங்கள். வானம் தெளிவாக இல்லாவிட்டால் எனக்கும் யோசனை இல்லை.

நான் குத்தகை விவசாயி. அடங்கல் (பயிர்ப் பதிவேட்டுச் சான்று) கேட்டால் நில உரிமையாளர் கையெழுத்துப் போட மறுக்கிறார். பயிர்க்கடன், காப்பீடு எதற்கும் போக முடியவில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகர், கோட்டூர்

சங்கத்தில் நான் உட்கார்ந்திருந்த மேசைக்கு முன்னால் உங்களைப் போல எத்தனை பேர் நின்றிருக்கிறார்கள் என்று கணக்கில்லை. காலில் சேறு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் ரேஷன் கார்டு. 'சிட்டா யார் பேரில்?' என்று கேட்பேன். பதில் வராது. நான் கேட்டாக வேண்டிய கேள்வி அது.

அவர் மறுப்பதற்குக் காரணம் பழையது. 1955-ல் வந்த சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், குத்தகை பாக்கி மாதிரிக் காரணம் இல்லாமல் உங்களை வெளியேற்றக் கூடாது என்றது. 1969-ல் குத்தகையைப் பதிவு செய்ய இன்னொரு சட்டம். இரண்டும் நல்ல சட்டங்கள், ரத்தம் சிந்தி வாங்கியவை. இந்தக் கீழத்தஞ்சையில்தான் 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். அரைப்படி நெல் கூலி கூடக் கேட்ட சண்டையின் முடிவு அது. அப்படிப்பட்ட மண்ணில் வந்த சட்டத்துக்குப் பயந்துதான் நிலக்காரர்கள் இப்போது எழுதிக் கொடுப்பதே இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு. வருஷம் மாற்றி ஆளையும் மாற்றுகிறார்கள். உங்களைக் காப்பாற்ற எழுதிய சட்டமே உங்களைக் காகிதத்தில் இல்லாதவராக ஆக்கியிருக்கிறது.

பிரதமர் கிசான் 6,000 ரூபாய் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். அதை விட்டுவிடுங்கள். காப்பீடு அப்படியில்லை, குத்தகைக்காரரும் சேரலாம். சம்பாவுக்கு உங்கள் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். வேண்டியது கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல். அடங்கலில் 'யார் பயிர் செய்கிறார்' என்று ஒரு பத்தி இருக்கிறது, அதற்காகத்தான் அந்தப் பதிவேடே. நவம்பர் நடுவில் கெடு முடியும். கடைசி வாரத்தில் போகாதீர்கள், வாசலில் ஊரே நிற்கும். புரட்டாசியிலேயே போய்க் கேளுங்கள். கோயில் நிலம் என்றால் குத்தகை ரசீதை ஒன்றுகூட விடாமல் வைத்திருங்கள்.

காப்பீடு கட்டியவுடன் நிம்மதியாகத் தூங்கலாம் என்றும் சொல்லமாட்டேன். உங்கள் வயல் அழிந்ததா என்று தனியாகப் பார்ப்பது அபூர்வம். வருவாய்க் கிராமத்தில் சில இடங்களில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் அளந்து அறுத்து, அந்த மகசூலைக் கடந்த ஏழு வருஷத்தில் நல்ல ஐந்து வருஷச் சராசரியோடு ஒப்பிடுவார்கள். அறுத்துப் பார்த்த இடம் மேட்டுப் பாங்கு, உங்களுடையது பள்ளம் என்றால் போச்சு. நான் பார்த்த ஒரு வருஷத்தில் இழப்பீடு வந்தது. வந்தது நிலக்காரர் கணக்குக்கு. பயிர் செய்தவருக்கு அவர் தீபாவளிக்கு ஒரு வேட்டி வாங்கிக் கொடுத்தார்.

அறுவடை வண்டி வந்தது விவசாயிக்கு லாபமா, நட்டமா?
– கு. ப., மன்னார்குடி

நேரம் லாபம். ஆள் கிடைக்காத கவலையும் போச்சு. கையால் அறுத்த காலத்தில் எங்கள் தெருப் பெண்கள் தை மாசம் முழுக்க வயலில் இருப்பார்கள், கூலி நெல்லாக வீட்டுக்கு வரும். இப்போது அவர்களுக்கு நடவு கொஞ்சம், களை கொஞ்சம், மீதி நூறு நாள் வேலை. 'நூறு நாள் வேலையால்தான் ஆள் வரவில்லை' என்று குறைப்படுகிற பெரிய விவசாயிகளிடம் ஒன்று கேட்பேன்: வண்டியைக் கூப்பிட்டது யார்?

நட்டம் எங்கே என்றால் உளுந்தில். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன்னால், தண்ணீரை வடித்து, மண் மெழுகுப் பதமாக இருக்கும்போது நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளிப்போம். உழவு இல்லை, உரம் இல்லை, தண்ணீர் இல்லை. பனியில் விளையும். பங்குனியில் கைக்கு வருகிற அந்தப் பணம்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு. கையால் அறுத்தால் முளைத்த உளுந்து மிதிபட்டும் எழுந்துவிடும். பெல்ட் வண்டி போனால் எழாது. வண்டி பின்னால் கொட்டுகிற வைக்கோல் வேறு வரிசையாக மூடிவிடும். நான் இப்போது வண்டி வருகிற முந்தின நாள் சாயங்காலம் தெளிக்கிறேன். ஏக்கருக்குப் பத்து கிலோ போட்ட இடத்தில் பன்னிரண்டு. வண்டிக்காரர் 'நாளைக்கு வருகிறேன்' என்று சொல்லி நாலு நாள் கழித்து வந்தால், விதையை எறும்பு தின்றது போக மீதிதான்.

வைக்கோலும் போச்சு. நசுங்கிய வைக்கோலைக் கட்டுக் கட்டும் வண்டி சுருட்டி எடுத்துக்கொண்டு போகிறது. மாடு வைத்திருப்பவர்கள் குறைந்தார்கள், குப்பை எரு குறைந்தது, ஐம்பது கிலோ டிஏபி உரம் 1,350 ரூபாய்க்கு வாங்கிப் போடுகிறோம். எங்கள் தெருவில் இப்போது நாலு மாடு. அதில் ஒன்று என்னுடையது, அதுவும் கிழடு.

ஐடி வேலையை விட்டுவிட்டு மாப்பிள்ளை சம்பா பயிரிடலாம் என்று இருக்கிறேன். கிலோ நூறு ரூபாய்க்கு மேல் போகிறதாமே?
– ஒரு வாசகர், பெங்களூரு

அந்த விலை அரிசிக்கு. நெல்லுக்கு இல்லை. அதுவும் வாங்க ஆள் இருந்தால்.

எங்கள் பக்கத்து ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் விதைகளைச் சேகரித்த நெல் ஜெயராமன் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதை கொடுப்பார், அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். 2018 டிசம்பரில் இறந்துபோனார். நானும் அங்கே வாங்கிய விதையில்தான் ஒரு மா நிலத்தில் மாப்பிள்ளை சம்பா போடுகிறேன். ஆள் உயரம் வளரும், தண்ணீர் தேங்கினாலும் நிற்கும். பள்ளத்து வயலுக்கு அதுதான் சரி. ஆனால் ஐந்து மாசத்துக்கு மேல் ஆகும், காற்று அடித்தால் சாயும், விளைச்சல் ஒட்டு ரகத்தில் பாதி வந்தால் நல்ல வருஷம். அரசு நிலையத்தில் போட்டால் சாதாரண ரக விலைதான். நீங்களே அவித்து, அரைத்து, பொட்டலம் போட்டு, உங்கள் பழைய அலுவலக நண்பர்களுக்கு விற்கப் போகிறீர்கள் என்றால் சரி. அப்படியென்றால் நீங்கள் தொடங்குவது அரிசி வியாபாரம். வேலையை இப்போதே விடாதீர்கள். முதல் வருஷம் சனி ஞாயிறு வந்து களை எடுங்கள்.

உங்கள் மகன் விவசாயம் பார்ப்பாரா?
– வி. ச., பட்டுக்கோட்டை

திருப்பூரில் இருக்கிறான். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். இந்த சம்பாவுக்கு உரம் வாங்கியது அவன் அனுப்பிய பணத்தில். பொங்கலுக்கு வந்தவன் வரப்பில் நின்று, 'இந்த மூலையில் மட்டும் ஏம்மா பயிர் பழுப்பா இருக்கு?' என்று கேட்டான். வடிகால் அடைத்துக்கொண்டிருந்தது. அவனே இறங்கி வெட்டிவிட்டான். ராத்திரி முழுக்க இடுப்பு வலி என்று புலம்பல்.

பார்ப்பானா என்று நான் கேட்கவில்லை. மண்வெட்டியை மட்டும் கழுவிப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான்.