பச்சைத் தேயிலைத் தூளைக் கலக்கும் மாட்சா என்ற தேநீரைக் குடிப்பதற்காக 15,000 யென் கொடுத்து ஒரு கிண்ணம் வாங்குவது வீண்செலவா? சோற்றுக் கிண்ணத்தில் குடித்தால் ஆகாதா?

நீங்கள் ஜப்பானுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை என்றும், கடைக்காரர் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டிய கிண்ணத்தின் விலையைக் கேட்டுத் திகைத்துத் திரும்பியிருக்கிறீர்கள் என்றும் எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். சோற்றுக் கிண்ணத்தில் தாராளமாகக் குடிக்கலாம். சாவான் என்றாலே தேநீர்க் கிண்ணம் என்றுதான் பொருள். அந்தச் சொல்லை ஜப்பானியரே இன்று சோற்றுக் கிண்ணத்துக்கும் வழங்குகிறார்கள். 2 கிராம் தூளில் 70 மில்லி வெந்நீர் விட்டு, சாசென் எனப்படும் மூங்கில் மத்தை முன்னும் பின்னும் வேகமாக ஆட்ட வேண்டும். அதன் நுனி சுவரில் இடிபடாத அகலம் இருந்தால் போதும். தேநீருக்கென்றே செய்யப்படும் கிண்ணங்கள் பெரும்பாலும் 12 சென்டிமீட்டர் அளவுக்கு வாயகன்றிருப்பது அதற்காகத்தான்.

நான் தேநீர் முறையை இரண்டாண்டுகள் மட்டுமே பயின்றவன். என்னிடம் இருப்பவை ஐந்தே கிண்ணங்கள். ஐந்தை வைத்துக்கொண்டு அறிவுரை சொல்ல வந்துவிட்டான் என்று நினைப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் உங்கள் கேள்வி என் முதல் கிண்ணத்தை நினைவூட்டிவிட்டதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

‘முதலாவது ராக்கு, இரண்டாவது ஹாகி, மூன்றாவது கராட்சு’ என்று கிண்ண வகைகளை வரிசைப்படுத்தும் ஒரு சொலவடை தேநீர்க்காரர்களிடையே உண்டு. ராக்கு என்பது 16ஆம் நூற்றாண்டில் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவின் ரசனைக்கேற்பக் கியோட்டோவில் சோஜிரோ என்ற குயவர் சக்கரமில்லாமல் கையாலேயே வனைந்த கிண்ணங்களின் வழிவந்தது. அதன் விலை எனக்கு எட்டாது. ஆகவே யமாகுச்சி மாகாணத்து ஹாகி நகரத்துக்கே போய், வெளிறிய சந்தன நிறத்தில் ஒரு கிண்ணத்தை 14,000 யென் கொடுத்து வாங்கினேன். கடையிலிருந்த மூதாட்டி அதைத் துணியில் சுற்றிக்கொண்டே நெடுநேரம் ஏதோ விளக்கினார். அன்றைய என் ஜப்பானிய அறிவுக்கு அதில் பாதிகூட எட்டவில்லை. ‘ஹாய், ஹாய்’ (ஆம், ஆம்) என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் முதல் நாள் குடித்து முடித்து, மீண்டும் கலக்கி மேசைமேல் வைத்துவிட்டுத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து கிண்ணத்தைத் தூக்கியபோது, அதன் அடிவளையத்தின் அளவிலேயே மேசையில் ஓர் ஈர வட்டம் இருந்தது. கவிழ்த்துப் பார்த்தால் விரிசல் எதுவும் தெரியவில்லை. ஆனால் அடிவளையத்தில் ஓரிடத்தில் துண்டு வெட்டி எடுத்ததுபோல் ஒரு பிளவு இருந்தது. உடைசலை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முடிவு செய்து, உடனே கடைக்குத் தொலைபேசியில் அழைத்து, தெரிந்த நான்கு சொற்களை வைத்துக் கோபமாகவே பேசினேன். ஒவ்வொரு முறையும் முதலில் வெந்நீரில் ஊறவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள், குடிக்கக் குடிக்கத் தேநீரே நீர் கசியும் நுண்ணிய வழிகளை அடைத்துவிடும் என்று அந்த அம்மையார் மெதுவாக, எனக்குப் புரியும் சொற்களில் சொன்னார். துணியில் சுற்றும்போது சொன்னதும் இதைத்தான். ‘அன்றே சொன்னேனே’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஹாகியின் மண் இறுகி வேகாமல் நுண்துளைகளோடு நிற்கும். குளிரும்போது மேலிருக்கும் கண்ணாடி போன்ற மெருகுப்பூச்சு மண்ணைவிட அதிகமாகச் சுருங்குவதால், அதில் மயிரிழை வெடிப்புகள் வலைபோல் விழுகின்றன. அவற்றின் வழியே தேநீர் உள்ளிறங்கி ஆண்டுக்கணக்கில் நிறத்தை மாற்றுவதை ‘ஹாகியின் ஏழு மாற்றங்கள்’ என்று கொண்டாடுகிறார்கள். நான் குறையென்று நினைத்த பிளவும் வேண்டுமென்றே வெட்டப்படுவதுதான். 1592 முதல் 1598 வரை ஜப்பானிய ஆட்சியாளர் ஹிதெயோஷி கொரியாவின்மீது தொடுத்த போரின்போது கொண்டுவரப்பட்ட குயவர்களே ஹாகியின் சூளைகளைத் தொடங்கினார்கள். இன்று கியோட்டோவின் தைதோக்குஜி ஆலய வளாகத்தில் தேசியப் பொக்கிஷமாகக் காக்கப்படும் ‘கிசாஎமோன்’ கிண்ணமும் கொரியாவில் வனையப்பட்டதே.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். உடைந்த கிண்ணத்தைப் பொன்னால் ஒட்டுகிறார்கள் என்று கின்சுகி எனும் ஒட்டுமுறையைப் பற்றி வாழ்க்கைத் தத்துவம் பேசுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஒட்டுவது உருஷி மரத்தின் பால். ஈரமான காற்றுள்ள பெட்டியில் பல நாள் வைத்தால்தான் அது இறுகும். பொன்தூள் கடைசியில் மேலே தூவப்படுவது மட்டுமே.

கிண்ணத்தை ஈரத்தோடு பெட்டிக்குள் வைத்து மூடாதீர்கள். ஜூன் மாத மழைக்காலத்தில் நான் அப்படி வைத்ததற்குச் சாட்சியாக உட்புறத்தில் ஒரு சாம்பல் நிறக் கறை இன்னும் இருக்கிறது.

15,000 யென்னில் ஒரு பகுதி, மூடியில் குயவர் கையெழுத்திட்ட அந்த மரப்பெட்டிக்கும் பெயருக்கும் போகிறது. கியோட்டோவின் தோஜி ஆலயத்தில் மாதந்தோறும் 21ஆம் தேதி கூடும் சந்தையில், பெட்டியில்லாத பழைய கிண்ணம் ஒன்றை நான் 2,000 யென்னுக்கு வாங்கினேன். நாள்தோறும் குடிப்பது அதில்தான். அந்தக் கடையிலிருந்த கிண்ணமே மனத்தில் நிற்கிறது என்றால் மீண்டும் போய், மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு, அனுமதி கேட்டு இரு கைகளாலும் மேசையை ஒட்டித் தாழ்வாகவே பிடித்துக் கவிழ்த்துப் பாருங்கள். கடைக்காரர் விளக்கும்போது, புரியாத இடத்தில் நிறுத்தி இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள்.