ஒரு செமஸ்டர் சுவீடன்: போகலாம், ஆனால் கையாளக் கேஸ் கிடைக்காது

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதலாமாண்டு முடிக்கப் போகிறேன். எங்கள் கல்லூரிக்கும் சுவீடனில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸ் நிதியில் மூன்றாம் செமஸ்டரை அங்கே படிக்க என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். குழந்தைகள் பாதுகாப்பில் வேலை செய்ய ஆசை. சுவீடிஷ் ஒரு வார்த்தை தெரியாது. "அங்க போய் கத்துக்கிட்டு வந்து இங்க என்ன பண்ணுவே? இருக்கிற ஃபீல்டுவொர்க்கும் போயிடும்" என்கிறார் அப்பா. போகலாமா? போவதென்றால் எதற்கெல்லாம் தயாராக வேண்டும்? (திருச்சியிலிருந்து ஒரு மாணவி)

பதில்: போங்கள். ஆனால் அப்பா கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் பேசிவிடுவோம்.

சுவீடனில் உங்கள் கையில் யாரும் கேஸ், அதாவது நீங்களே பொறுப்பேற்றுக் கையாள ஒரு குடும்பம், தரமாட்டார்கள். அங்கே சமூகசேவை என்பது பெரும்பாலும் உள்ளாட்சியின் வேலை. நாட்டின் 290 நகராட்சிகளும் சமூகசேவைச் சட்டத்தின்படி தத்தம் ஊரில் அதை நடத்துகின்றன. குடும்பத்துடன் பேசுவது சுவீடிஷில், பைல் எழுதுவது சுவீடிஷில், ரகசியக் காப்பு விதிகளும் கடுமை. அங்கே சமூகப்பணியாளராவதற்கான 'சோசியோனோம்' பட்டம் மூன்றரை ஆண்டுப் படிப்பு. அந்த மாணவர்கள் பொதுவாக ஒரு முழு செமஸ்டரைக் களத்தில் கழிக்கிறார்கள். நான்கு மாதத்துக்கு வரும் விருந்தாளிக்குக் கிடைப்பது வகுப்பு, செமினார், அலுவலகங்களைப் பார்வையிடுதல், அதிர்ஷ்டம் இருந்தால் ஓர் ஊழியரின் பின்னால் நடந்து கவனித்தல், அவ்வளவுதான். இங்கே களப்பயிற்சிக்கு அனுப்பும் ஏஜென்சியில் வாரம் இரண்டு நாள் வீடு வீடாக ஏறி இறங்கி, ரிப்போர்ட் எழுதி, ஐ.சி.யில் (தனிச் சந்திப்பில்) சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிப் பழகிய உங்களுக்கு முதல் மாதம் கை கட்டிப்போட்டது போல இருக்கும்.

அதனால் விமான டிக்கெட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டிய காகிதம் ஒன்று உண்டு: 'லேர்னிங் அக்ரிமென்ட்'. நீங்கள், உங்கள் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம் என்று மூன்று தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தம். அங்கே எந்தெந்தப் பாடம், எத்தனை கிரெடிட், திரும்பி வந்ததும் இங்கே எந்தப் பேப்பருக்கு ஈடு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அங்கே ஒரு முழு செமஸ்டர் 30 ஐரோப்பிய கிரெடிட். "அதெல்லாம் வந்து பார்த்துக்கலாம்மா" என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். 30 கிரெடிட்டோடு திரும்பி வந்த ஒரு மாணவி, "சிலபஸ் யூனிட் ஒத்துப்போகலை" என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு பேப்பரை அரியர் மாதிரி உட்கார்ந்து எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். விட்டுப்போகும் ஃபீல்டுவொர்க் மணி நேரத்தை எப்போது, எந்த ஏஜென்சியில் ஈடுகட்டுவீர்கள் என்பதையும் துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்குங்கள். தொடர்ச்சியாகச் சில வாரம் களத்திலேயே இருக்கும் பிளாக் பிளேஸ்மென்ட்டைக் கோடை விடுமுறையில் நீட்டித்துக்கொள்வது ஒரு வழி.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்திட்டத்தில் சுவீடன் போகும் மாணவருக்கு மாதம் 900 யூரோவும் பயணத் தொகையும் உண்டு. அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, இங்கே உங்கள் கல்லூரிக் கட்டணம் தொடரும். பணம் தவணையாக வரும் என்பதால் முதல் தவணை எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள், விடுதிக்காரர் அதற்கு முன்பே வாடகை கேட்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதால் சாதாரண விசா போதாது, படிப்புக்கான குடியிருப்பு அனுமதி வேண்டும். இதற்குச் சீக்கிரம் விண்ணப்பியுங்கள்.

இனி அப்பாவின் முதல் கேள்விக்கு வருகிறேன். கற்றுக்கொண்டு வந்து இங்கே என்ன செய்வது?

குழந்தைகள் பாதுகாப்பில் ஆர்வம் என்றீர்கள். அந்தத் துறையிலிருந்தே ஒரு கதை சொல்கிறேன். நியூசிலாந்தில் 1980களில் மாவோரிக் குழந்தைகள் ஏராளமாக அரசு இல்லங்களுக்கும் வளர்ப்புக் குடும்பங்களுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். ஜான் ராங்கிஹாவ் என்ற மாவோரித் தலைவர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அது தந்த 'புவாவோ தே ஆட்டா டூ' அறிக்கை, சமூகநலத் துறையின் நடைமுறையிலேயே இனபேதம் ஊறியிருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னது. பிள்ளை தாய் தகப்பனுக்கு மட்டும் சொந்தமல்ல, 'ஃபானவ்' என்னும் பெருங்குடும்பத்துக்கே சொந்தம் என்பது மாவோரிகளின் எண்ணம். துறையோ அம்மா, அப்பா, குழந்தை என்ற சின்ன வட்டத்தை மட்டுமே குடும்பம் என்று பார்த்தது. 1989-ல் வந்த புதிய சட்டம் குடும்பக் கூடுகையைக் கட்டாய நடைமுறை ஆக்கியது. ஒரு குழந்தைக்கு ஆபத்து என்றால் தாத்தா, பாட்டி, அத்தை, மாமா எல்லோரையும் கூட்ட வேண்டும். அதிகாரிகள் தங்களுக்குத் தெரிந்ததை அவர்கள் முன் வைக்க வேண்டும். பிறகு அதிகாரிகள் எழுந்து வெளியே போய்விட வேண்டும். குடும்பம் தனியாகப் பேசித் திட்டம் போடும்.

இந்த முறை பிரிட்டனுக்கும் நார்வேக்கும் போயிற்று, 1990களில் சுவீடனுக்கும் வந்தது. அங்கே என்ன ஆயிற்று தெரியுமா? கூடுகை வழியாகப் போன குழந்தைகளை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு நடந்தது. வழக்கமான விசாரணை வழியாகப் போன குழந்தைகளைவிட இவர்கள் நிலை ஒன்றும் மேலாக இல்லை. சமூகப்பணியாளர்கள் முறையை வாயாரப் பாராட்டினார்கள், ஆனால் தங்கள் குடும்பங்களை அதற்கு அனுப்பியவர்கள் குறைவு. நியூசிலாந்தில் அதன் பின்னால் ஒரு சட்டமும் ஒரு மக்களின் கோபமும் இருந்தன. சுவீடனுக்கு வந்து சேர்ந்தது செயல்முறை மட்டும். நியூசிலாந்திலும் எல்லாம் சரியாகிவிடவில்லை, இன்றும் அங்கே அரசுப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளில் மாவோரிகளே அதிகம்.

இதைக் கேட்டதும் நம் மாணவர்களுக்குச் சட்டென்று ஒன்று தோன்றும்: "சார், இது நம்ம ஊர் பஞ்சாயத்துதானே!" தோன்றட்டும். அதோடு நிறுத்திவிட்டால் படித்தது வீண். பஞ்சாயத்தில் யார் பேசுகிறார்கள்? பெரும்பாலும் ஆண்கள், பெரிய தலைகள். மருமகளும் குழந்தையும் திண்ணைக்கு அந்தப் பக்கம். கூடுகையிலோ குழந்தையின் விருப்பம் அங்கே ஒலித்தாக வேண்டும், போடும் திட்டம் குழந்தைக்குப் பாதுகாப்பாக இருந்தால்தான் அரசு ஏற்கும், ஏற்றபின் அதற்கான உதவியும் அரசின் பொறுப்பு. ஊர் மானத்துக்காகப் பிள்ளையைப் பலி கொடுக்கும் கட்டப்பஞ்சாயத்தையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் நம்மிடம் இல்லாத பொருள் அல்ல இது. அப்பா குடிநோயாளி, அம்மா வெளியூரில் கூலி வேலை, பிள்ளை அம்மாச்சி வீட்டில் என்று எத்தனை வீடுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்! நாளை ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் உட்கார்ந்து, குழந்தை நலக் குழுவுக்குச் சமூக விசாரணை அறிக்கை எழுதும்போது, அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் யார் யார் தாங்குவார்கள் என்று கேட்டு, அவர்களை ஒரு நாள் ஓரிடத்தில் உட்காரவைக்கத் தோன்றினால், அப்பாவுக்கான பதில் அதுதான்.

வெளியிலிருந்து வரும் முறையை நம் மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற பாடம் நம் துறைக்கே தாமதமாகத்தான் உறைத்தது. இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளியை 1936-ல் பம்பாயில் டாட்டா அறக்கட்டளையின் ஆதரவோடு தொடங்கியவர் கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி. பாடத்திட்டமும் பாடநூல்களும் அமெரிக்காவிலிருந்தே வந்தன. சாதி என்ற ஒன்று இல்லாத ஊருக்காக எழுதிய கேஸ்வொர்க்கை (தனிநபர் சமூகப்பணியை) நாம் பல பத்தாண்டுகள் மனப்பாடம் செய்தோம். 2014-ல் மெல்போர்னில் ஏற்ற சமூகப்பணியின் உலக வரையறையில்தான் அந்தந்த மண்ணின் மக்கள் அறிவுக்கும் இடம் கிடைத்தது.

இனி, அங்கே உங்களை உறுத்தப்போவது. 1979-ல், உலகிலேயே முதல் நாடாக, வீட்டிலும் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது சுவீடன். நம் நாட்டில் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடுக்கிறது, வீட்டுக்குள் அது எட்டிப்பார்ப்பதில்லை. "எங்க அம்மா ரெண்டு போட்டதாலதான் நான் படிச்சேன்" என்று செமினாரில் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அறை மௌனமானதும் திகைத்துப்போன நம் ஊர்ப் பிள்ளைகள் உண்டு. அந்த மௌனத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வதே வேதம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011-ல் பக்கத்து நாடான நார்வேயில், ஸ்டாவாங்கர் நகரில் ஓர் இந்தியக் குடும்பத்தின் இரு குழந்தைகளைக் குழந்தை நலத்துறை எடுத்துக்கொண்டது. கையால் ஊட்டியதையும் பக்கத்தில் படுக்கவைத்ததையும் குற்றமாக்கினார்கள் என்றார்கள் பெற்றோர். ரகசியக் காப்பைச் சொல்லி, விவரம் பேச மறுத்தது துறை. இந்திய அரசு தலையிட்டு, 2012 ஏப்ரலில் குழந்தைகள் சித்தப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். உங்களிடம் இதைப் பற்றி யாராவது கேட்பார்கள். நம் பத்திரிகைகளில் படித்ததை மட்டும் ஒப்பிக்காதீர்கள். பழக்கம் எது, புறக்கணிப்பு எது என்று அந்த ஊர் ஊழியர் எப்படிப் பிரிக்கிறார், என்ன ஆதாரம் கேட்கிறார் என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொரு விஷயத்தை அங்கே அருகிலிருந்து பாருங்கள். தங்களைப் பற்றி அலுவலகம் எழுதிய பைலைப் படிக்க அங்கே குடும்பத்துக்கு உரிமை உண்டு. நம் ஃபீல்டுவொர்க் ரிப்போர்ட்டில் பயனாளியின் பெயர், தெரு, நோய் எல்லாம் அப்படியே இருக்கும், அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துத் திருத்துவோம். "ஒத்துழைக்க மறுக்கும் தாய்" என்று எழுதிய வரியை அந்தத் தாயே நாளை படிப்பாள் என்றால் அதை எப்படி மாற்றி எழுதுவீர்கள்? போவதற்கு முன் உங்கள் பழைய ரிப்போர்ட் ஒன்றை எடுத்து அப்படித் திருத்திப் பாருங்கள்.

வகுப்பறை பெரும்பாலும் ஒரு சமயத்தில் ஒரு பாடம் என்று ஓடும். ஐந்து வாரத்தில் ஏழரை கிரெடிட் முடிந்து அடுத்தது வரும். நம் மாதிரி கடைசி மாதம் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம் என்றால் முதல் பாடமே போய்விடும். பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நாக்கு கூசினால் பரவாயில்லை, ஆனால் செமினாரில் வாய் திறக்காமல் மரியாதையாக இருந்தால், படிக்காமல் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அங்கே தமிழ்க் குடும்பங்களைச் சந்திக்க நேரலாம். போரின்போது இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள் ஸ்காண்டிநேவிய நாடுகளில் உண்டு. சாப்பாடு போடுவார்கள், போய்ச் சாப்பிடுங்கள். ஆனால் "ஒருக்கா சோசியலுக்கு (சமூகசேவை அலுவலகத்துக்கு) வந்து எங்களுக்காகக் கதைப்பியா பிள்ளை" என்று கேட்டால் பணிவாக மறுத்துவிடுங்கள். அலுவலக மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறச் சொல்லுங்கள். பாதி தெரிந்த சட்டத்தை ஆங்கிலம் வழியாகச் சொல்லி ஒரு குழந்தை வழக்கில் தடுமாறினால், அதன் விலையை அந்தக் குடும்பம் கொடுக்கும்.

வெறுங்கையோடும் போகாதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் 1996-ல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களத்திட்டமாகப் பம்பாயில் தொடங்கி நாடு முழுக்கப் பரவி, 2023-ல் அரசின் கைக்குப் போனது வரை பத்து நிமிடம் பேசத் தயார் செய்யுங்கள். அவர்களுக்கு உபயோகமான கதை அது. சாதி பற்றி நிச்சயம் கேட்பார்கள். "இப்ப அதெல்லாம் இல்லை" என்றும் சொல்லாதீர்கள், நாட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் வேண்டாம். உங்கள் ஃபீல்டுவொர்க் ஏரியாவில் தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவரை வந்து நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

அங்கே சேர்வதற்கான விண்ணப்பக் கெடு எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும், நாளைக்கே அந்தப் பல்கலைக்கழகத்தின் பாட விவரத்தையும் உங்கள் மூன்றாம் செமஸ்டர் சிலபஸையும் பக்கம் பக்கமாக வைத்து, எது எதற்கு ஈடு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு துறைத்தலைவரைப் போய்ப் பாருங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. ஃபீல்டுவொர்க் பற்றிய கேள்வியை அவரே கேட்கட்டும்.