பி.எஃப். பணத்தை எடுத்துக் கடனை அடைத்துவிட்டு இசை படிக்கப் போகலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் சொந்த வீடு. சிப்காட்டில் ஒரு தனியார் கம்பெனியில் 17 வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை. கைக்கு வருவது ரூ.62,000, அடிப்படைச் சம்பளம் ரூ.30,000. கணவர் புதுச்சேரியில் தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன், சம்பளம் ரூ.36,000. ஒரே மகள், வரும் ஜூனில் பத்தாம் வகுப்பு போகிறாள். மாமியார் எங்களோடு இருக்கிறார், அவருக்குச் சர்க்கரை நோய். வீட்டுக்கடன் பாக்கி ரூ.14.2 லட்சம், வட்டி எட்டரை சதவீதம், மாதத் தவணை ரூ.19,500. குடும்பச் செலவு 34,000, மகளின் பள்ளி, டியூஷன் 9,000, மருந்து, பெட்ரோல், இன்ஷூரன்ஸ் எல்லாம் 8,500, மியூச்சுவல் ஃபண்டில் மாதம் போடும் எஸ்.ஐ.பி. 10,000. கையிருப்பு: வங்கி வைப்பு நிதி 7 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 5 லட்சம், பி.எஃப். 13 லட்சம்.

பள்ளிக் காலத்தில் வாய்ப்பாட்டு கற்று, அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஹையர் கிரேடு வரை தேறியிருக்கிறேன். வரும் ஜூனில் வேலையை விட்டு, புதுச்சேரி அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் முழுநேரமாக இசை படித்து ஆசிரியராக வேண்டும். பி.எஃப். பணத்தில் வீட்டுக்கடனை அடைத்துவிட்டால் சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன். இங்கே பாட்டு வகுப்புக்குப் பிள்ளைக்கு மாதம் 800 முதல் 1,200 வரை வாங்குகிறார்கள். ஒரு பள்ளியில் விசாரித்தேன், இசை ஆசிரியருக்கு 15,000 தருவார்களாம். சரியாக வருமா?

பதில்: ஆசிரியராவது சரியாக வரும். வரும் ஜூனில் வராது. அடுத்த வருட ஜூனுக்குத் தள்ளி வையுங்கள். நடுவில் இன்றிலிருந்து பதினெட்டு மாதம் கிடைக்கிறது. அந்தப் பதினெட்டு மாதத்தில் என்ன செய்வது என்பதுதான் என் பதில் முழுவதும்.

முதலில் உங்கள் திட்டப்படியே போனால் என்ன ஆகும் என்று பார்ப்போம். எஸ்.ஐ.பி.யை நிறுத்திவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 71,000 வேண்டும். கணவர் சம்பளம் போகத் துண்டு விழுவது 35,000. கம்பெனியின் மருத்துவக் காப்பீடு உங்கள் வேலையோடு போய்விடும். அதற்கு மாதம் 3,000 ஒதுக்கினால் துண்டு 38,000. மூன்று வருடத்துக்குக் கிட்டத்தட்ட 13.7 லட்சம். உங்கள் வைப்பு நிதி, ஃபண்ட், கம்பெனி தரும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) மூன்றையும் கூட்டினால் சுமார் 15 லட்சம். ஆக, மூன்று வருடம் ஓடிவிடும். ஓடி முடிகிற மாதம் எது தெரியுமா? உங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் பணம் கட்டுகிற மாதம். அப்போது நீங்கள் முதல் மாணவரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

படிக்கிற வருடங்களை எல்லோரும் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். படித்து முடித்தபின் மாணவர்கள் சேரும்வரை ஓடுகிற ஒன்றரை, இரண்டு வருடத்தை யாரும் போடுவதில்லை. தொழில் மாறுகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

சரி, அதற்குத்தானே பி.எஃப்.? எட்டரை சதவீதக் கடனை அடைக்க, 2024-25-ல் 8.25 சதவீதம் தந்த சேமிப்பை எடுக்கிறீர்கள். கணக்காகப் பார்த்தால் பெரிய தப்பில்லை, துண்டும் பாதியாகும். ஆனால் உங்கள் இருவர் கையிருப்பில் முதுமைக்கென்று இருப்பது அது ஒன்றுதான். வேலையை விட்டாலும் எடுக்காமல் விட்டுவைத்தால் 58 வயது வரை வட்டி சேரும். இதே விகிதம் நீடித்தால் 13 லட்சம் ஏறக்குறைய 50 லட்சமாகும். வேலையை விட்டபின் சேரும் வட்டிக்கு வரி உண்டு என்றாலும் உங்கள் அப்போதைய வருமானத்துக்கு அது பாரமாக இருக்காது. பாட்டு ஆசிரியருக்கு ஓய்வூதியம் யாரும் தரப்போவதில்லை. அதனால் பி.எஃப்.பைத் தொடாதீர்கள். பத்து வருடப் பணி தாண்டிவிட்டதால், பி.எஃப்.போடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டமான இ.பி.எஸ். கணக்கில் இருப்பதை மொத்தமாக எடுக்கவும் முடியாது. அதற்கான திட்டச் சான்றிதழை வாங்கி வையுங்கள். 58 வயதில் மாதம் மூவாயிரத்தை ஒட்டி ஓய்வூதியம் வரும். சின்னத் தொகைதான், இருக்கட்டும்.

அடுத்தது நீங்கள் எந்த ஆசிரியர் ஆகப்போகிறீர்கள் என்பது. பள்ளி வேலை, வீட்டு வகுப்பு இரண்டையும் ஒன்றாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு தொழில்.

பள்ளி வேலையை நம்பிப் பட்டம் படிக்காதீர்கள். கேந்திரிய வித்யாலயா தொடக்கப் பிரிவு இசை ஆசிரியருக்குப் பொதுவான வயது வரம்பு 30. தமிழக அரசுப் பள்ளிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2017-ல் ஆயிரத்து முந்நூறுக்கும் மேல் சிறப்பாசிரியர் இடங்களை அறிவித்தபோது, இசைக்கு நூறு இடம்கூட இல்லை. ஓவியம், இசை, உடற்கல்வி என்று 2012-ல் மாதம் ரூ.5,000-க்கு எடுக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் பன்னிரண்டு வருடம் கழித்து 12,500-க்குத்தான் வந்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்த போராட்டங்களை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். தனியார் பள்ளியில் உங்களுக்குச் சொன்ன 15,000-ஐக் கூடுதல் வருமானமாக வைத்துக்கொள்ளலாம், பிழைப்பாக முடியாது.

வீட்டு வகுப்புக்குப் பட்டம் யாரும் கேட்கப்போவதில்லை. அப்படியானால் எதற்குப் படிப்பது என்று கேட்பீர்கள். காசு விஷயமாகவே அதற்குக் காரணம் இருக்கிறது. சரளி வரிசை, ஜண்டை, அலங்காரம், கீதம் என்ற ஆரம்பப் பாடங்கள் வரை சொல்லித்தர ஊரில் நிறையப் பேர் உண்டு. பிள்ளைகள் இரண்டு வருடத்தில் அதைத் தாண்டிவிடுவார்கள். வர்ணத்தையும் கீர்த்தனையையும் கனமாகச் சொல்லித்தர ஆசிரியருக்குச் சரக்கு இல்லையென்றால், நன்றாகப் பாடுகிற பிள்ளைதான் முதலில் வேறு ஆசிரியரிடம் போகும். அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சேர்ந்த நாலு பேரும் பின்னாலேயே போவார்கள். ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகளைத் தேடிக்கொண்டே இருப்பது அலுப்பு மட்டுமல்ல, நஷ்டமும்கூட. ஆறு, ஏழு வருடம் தங்குகிற மாணவர்கள்தான் இந்தத் தொழிலின் நிலையான வருமானம். இருபது வருடம் விட்ட குரலையும் பாடாந்தரத்தையும் (குருவிடம் கற்ற பாடும் முறையையும்) மீட்கத்தான் உங்களுக்குப் படிப்பு வேண்டும், சான்றிதழுக்காக அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டு எங்கே படிப்பது என்று முடிவு செய்யுங்கள்.

அரியாங்குப்பம் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம், நல்ல தேர்வு. 1929-ல் இசைக் கல்லூரி தொடங்கப்பட்ட சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகமும் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. கடலூர் அரசு இசைப்பள்ளிக்கு 25 வயதுக்கு மேல் சேர்க்கை இல்லை, அதை விட்டுவிடுங்கள். எங்கே போனாலும் உங்கள் வயதில் சேர்த்துக்கொள்வார்களா, வெளிமாநிலத்தவருக்கு இடமும் கட்டணமும் எப்படி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீங்கள் இருப்பது தமிழ்நாடு, பாரதியார் பல்கலைக்கூடம் புதுச்சேரி அரசின் நிறுவனம். தொலைநிலைக் கல்வி என்றால் அந்தக் கல்வியாண்டுக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது அந்தப் பதினெட்டு மாதம். உங்கள் கடிதத்தில் வரவு 98,000, செலவு எஸ்.ஐ.பி.யோடு 81,000. மீதி 17,000 எங்கே போகிறது என்று எழுதவில்லை. கணக்குப் பிரிவில் இருக்கிறவரிடம் இதைக் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது! அந்தப் பணத்தை இன்று முதல் தனிக் கணக்கில் பிடித்து வையுங்கள்.

இன்னொரு பக்கம் வகுப்பை இப்போதே ஆரம்பியுங்கள். ஞாயிறு காலை இரண்டு குழு, சனி மாலை ஒரு குழு. காலை ஆறு மணிக்கு ஆன்லைனில் அமெரிக்கத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாம். கிழக்குக் கரையில் அப்போது முந்தின நாள் இரவு ஏழரை, எட்டரை மணி. உங்கள் ஆபீஸ் நேரத்தோடு மோதாது, கட்டணமும் உள்ளூரைவிடக் கூடுதல். ஆனால் பணி நியமனக் கடிதத்தில் வேறு வருமானம் கூடாது என்று இருக்கிறதா என்று முதலில் படியுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது நல்ல ஆசிரியரிடம் நீங்களும் போய் உட்காருங்கள். அந்தச் செலவில் கை இறுக்க வேண்டாம்.

முதல் சில மாதம் ஒன்றும் வராது. போகப் போக ஏறி, சராசரி மாதம் பத்தாயிரம் என்று வைத்தால், அந்த 17,000-உடன் சேர்த்து பதினெட்டு மாதத்தில் ஏறக்குறைய நாலே முக்கால் லட்சம். அதற்குள் கடன் பாக்கி 12.4 லட்சமாக இறங்கியிருக்கும். சேர்ந்த பணத்தை அப்படியே கடனில் கட்டுங்கள். மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு முன்கூட்டியே கட்டினால் அபராதம் கிடையாது. கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வங்கி பொதுவாகத் தவணைக் காலத்தைத்தான் குறைக்கும். உங்களுக்கு வேண்டியது தவணைத் தொகை குறைவது. அதை எழுதிக் கேளுங்கள். 19,500 ஏறக்குறைய 12,000 ஆகும். சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள், வேலை இல்லாதவரிடம் வங்கியின் குரலே மாறிவிடும்.

இப்போது துண்டைப் பாருங்கள். காப்பீட்டையும் சேர்த்து மாதம் 30,500. வகுப்பு வருமானம் ஆறு மாதம் தொடர்ந்து 18,000 தொட்டிருந்தால் உண்மையான துண்டு 12,500, வருடத்துக்கு ஒன்றரை லட்சம். வைப்பு நிதியில் 3 லட்சத்தை அவசரத்துக்கு ஒதுக்கினால் மீதி 4 லட்சம், பணிக்கொடை 3 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். நாலு வருடத்துக்குத் தாங்கும். பகலில் கல்லூரி, மாலையில் வகுப்பு என்று போனால் மாணவர்கள் தேடும் காலமும் படிப்புக்குள்ளேயே கழிந்துவிடும். மியூச்சுவல் ஃபண்ட் முழுக்க மகளின் கல்லூரிக்கு, வேலையை விடும்வரை எஸ்.ஐ.பி. ஓடட்டும். 18,000 வரவில்லையென்றால் ராஜினாமா வேண்டாம், இன்னொரு வருடம் பாருங்கள்.

அந்த அவசர நிதி எதற்கு என்று கடலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 தானே புயலும் 2024 ஃபெஞ்சல் புயலும் வந்த ஊர். கூரை போனால் பழுது பார்க்கிற செலவு ஒரு பக்கம், வாரக்கணக்கில் வகுப்பு நடக்காதது இன்னொரு பக்கம். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் இதே கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்பார்கள், அவருக்கு மாதத் தவணை இல்லை.

புயல் இல்லாத வருடத்திலும் இந்தத் தொழிலில் பன்னிரண்டு மாதமும் பணம் வராது. விஜயதசமிக்குச் சேருவார்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் பாதிப் பேர் வரமாட்டார்கள். மாசி பங்குனியில் தேர்வு என்று நிற்பார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது போனால் ஒரு வருடமே காணோம். மே மாதம் கோடை வகுப்பில் கொஞ்சம் ஈடு கட்டலாம். வருடத்துக்குப் பத்து மாத வருமானம் என்று போடுங்கள். ஆயிரம் ரூபாய் கட்டணத்தில் மாதம் 35,000 சராசரியாக வர 42 பிள்ளைகள் வேண்டும். குழுவுக்கு ஐந்து பேர், வாரம் இரு வகுப்பு என்றால் வாரம் பதினெட்டு மணி நேரம். முடியாததல்ல. ஆனால் அத்தனையும் மாலை ஐந்திலிருந்து எட்டு, அப்புறம் சனி ஞாயிறு. ஊர் வீடு திரும்பும்போது உங்கள் வேலை ஆரம்பிக்கும். இரவுச் சமையல் யார், மகளின் படிப்பைப் பார்ப்பது யார் என்பதை இப்போதே பேசுங்கள். உங்கள் நீண்ட கடிதத்தில் கணவர் இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது ஒரு வரிகூட இல்லை.

காப்பீட்டுக்கு வருகிறேன். மாமியாருக்குச் சர்க்கரை இருப்பதால் புதிதாக பாலிசி எடுத்தால் அந்த நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். கம்பெனி குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறினால் ஏற்கெனவே கழிந்த காலம் கணக்கில் வரும். ராஜினாமா கொடுக்கும் முன்பே இதை மனிதவளப் பிரிவில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை பக்கத்தில் இருப்பது ஆறுதல்தான், ஆனால் அதை நம்பிக் காப்பீட்டை விடாதீர்கள். உங்கள் பெயரில் டேர்ம் ஆயுள் காப்பீட்டு பாலிசி இல்லையென்றால் சம்பளம் வரும்போதே எடுங்கள், வருமானச் சான்று கேட்பார்கள்.

கணவரின் வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா என்றும் நீங்கள் எழுதவில்லை. ஒப்பந்தம் என்றால் அந்த அவசர நிதி 3 லட்சத்தை 6 லட்சமாக்கிவிட்டுப் பிறகு ராஜினாமா கடிதம் கொடுங்கள், அதற்கு இன்னொரு வருடம் ஆனாலும் சரி.